பாய்லரை இடம் மாற்றியபோது கேஸ் குழாயைப் பற்றித் தெரிந்துகொண்டவை

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் கேஸ் பாய்லர் அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தது. சுவரை எடுக்க வேண்டுமென்றால் முதலில் பாய்லரை எடுக்க வேண்டும். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சாமான் அறை இருந்தது. அதற்கு வெளிச்சுவர் உண்டு என்பதால் புகைபோக்கிக்கும் தொல்லை இல்லை. பெட்டியைக் கழற்றி அங்கே மாட்டுவது, குழாய்களைக் கொஞ்சம் நீட்டுவது, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலையைப் பார்க்க வந்த முதல் ஆளும் ஏறக்குறைய அதையே சொன்னார். பாய்லரைப் பார்த்தார், சாமான் அறையைப் பார்த்தார். “இருக்கிற கேஸ் குழாயை இங்கிருந்து அங்கே நீட்டிவிடலாம், ஒரே நாள் வேலை” என்றார். தொகையும் குறைவு. ஒப்புக்கொள்ளும் நிலைக்கே வந்துவிட்டோம். கேஸ் மீட்டர் எங்கே இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டாவதாக வந்த ஃபிட்டர் வாசலில் நின்றபடியே கேட்ட முதல் கேள்வி அதுதான்: “மீட்டர் எங்கே இருக்கிறது?”

இப்போது யாராவது பாய்லரை இடம் மாற்றுவது பற்றி என்னிடம் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

வீட்டுக்குள் வரும் எரிவாயு மிகக் குறைந்த அழுத்தத்தில் வருகிறது. பல நாடுகளில் அது சுமார் 20 மில்லிபார். அதாவது 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவு. உறிஞ்சுகுழலில் பலமாக ஊதினால் அதைவிட அதிக அழுத்தம் கிடைக்கும். இவ்வளவு மெல்லிய அழுத்தம் குழாய்க்குள் போகப் போகக் குறைகிறது. நீளம் கூடினால் குறையும், குழாய் ஒடுங்கினால் குறையும், ஒவ்வொரு வளைவிலும் குறையும். குறைந்துபோன அழுத்தத்திலும் பாய்லர் பற்றிக்கொள்ளும், சில மாதங்கள் ஓடவும் செய்யும். ஆனால் கடுங்குளிரில் வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குளிக்க வெந்நீர் திறப்பார், இன்னொருவர் அடுப்பைப் பற்றவைப்பார். பாய்லர் தடுமாறுவது அப்போதுதான். வெந்நீர் வெதுவெதுப்பாகும், தீ அணையும், திரையில் பிழை எண் வரும். கூப்பிட்ட ஆள் வரும் நேரத்தில் எல்லாம் சரியாக ஓடும். பாய்லரிலேயே கோளாறு என்று நினைத்து உள்ளிருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். குற்றம் முழுவதும் குழாயில் இருந்தது.

இரண்டாவது ஃபிட்டர் அளவு நாடாவை எடுத்து மீட்டரில் தொடங்கினார். மீட்டரிலிருந்து பழைய பாய்லர் வரை 5 மீட்டர். அங்கிருந்து சாமான் அறையின் புதிய இடம் வரை இன்னும் 9 மீட்டர். எங்கள் பாய்லர் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் எரிவாயு எரிக்கும். அடுப்புக்கு இன்னும் 1 கன மீட்டர். மீட்டரிலிருந்து பாய்லர் வரை அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது என்பதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். பழைய பாய்லருக்குக் கடைசியாகப் போன குழாய் 15 மில்லிமீட்டர். முதல் ஆள் நீட்டிவிடலாம் என்றது அதைத்தான். 9 மீட்டர் நீளமுள்ள 15 மி.மீ. செம்புக் குழாய், அந்த 1 மில்லிபார் இழப்புக்குள், மணிக்குச் சுமார் ஒன்றரை கன மீட்டர்தான் தரும். பாய்லருக்குத் தேவையானதில் சரிபாதி.

“சரி, 22 மி.மீ. போட்டால் போதுமா? அரை அங்குலம்கூடப் பெரிதில்லையே” என்று கேட்டேன். அவர் பையிலிருந்து இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்து மேசையில் நிறுத்திக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே ஒன்றின் துளை 13.6 மி.மீ., மற்றதில் 20.2 மி.மீ. ஒரே அளவு எரிவாயு போகும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, துளையின் விட்டம் கூடக் கூட ஏறத்தாழ அதன் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. ஆக, கண்ணுக்கு ஒன்றரை மடங்காகத் தெரியும் குழாயில் இழப்பு ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. இதை அறிந்தபின் குழாயின் அளவைப் பற்றிப் பேரம் பேசும் எண்ணமே எனக்கு வரவில்லை.

வளைவுக் கணக்கு இன்னும் வியப்பூட்டியது. குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பான எல்போ ஒவ்வொன்றையும் அரை மீட்டர் குழாயாக எண்ண வேண்டும் என்றார். எங்கள் 9 மீட்டர் வழியில் ஆறு எல்போ வந்தது. காகிதத்தில் அது 12 மீட்டர் ஆகிவிட்டது. சுவரோரமாகவே வளைந்து வளைந்து போகாமல், தரைப் பலகைகளைத் தூக்கி நேராகக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததன் பொருள் அப்போது புரிந்தது. கடைசியில் மீட்டரிலிருந்து அடுப்புக்குப் பிரியும் இடம் வரை இருந்த பழைய குழாயையும் எடுத்துவிட்டு 28 மி.மீ. போடுவது, அங்கிருந்து பாய்லருக்கு 22 மி.மீ. என்று முடிவாயிற்று. எடுத்த எடுப்பில் அது எனக்குக் கசந்தது. நன்றாக இருக்கும் குழாயை எதற்கு மாற்ற வேண்டும்? ஆனால் அந்த முதல் பகுதியில் பாய்லரின் எரிவாயுவும் அடுப்பின் எரிவாயுவும் சேர்ந்தே ஓடுகின்றன. அங்கே ஒடுக்கமாக இருந்துவிட்டால், பின்னால் எவ்வளவு பெரிய குழாய் போட்டும் பயனில்லை.

வேலை தொடங்கும் நாள் காலையில் நடந்ததை நான் மறக்க மாட்டேன்.

எதையும் வெட்டுவதற்கு முன் இருக்கும் குழாயைச் சோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, அதில் ஒன்றும் இருக்காது, நேரம்தான் போகும் என்று மனத்துக்குள் நினைத்தேன். யு வடிவக் குழாயில் தண்ணீர் நிரப்பிய அழுத்தமானி ஒன்றை மீட்டரில் மாட்டினார். முதலில் வால்வை மூடிவிட்டுப் பாதி அழுத்தத்தில் ஒரு நிமிடம் பார்த்தார். தண்ணீர் மட்டம் மேலே ஏறினால் மூடிய வால்வே ஒழுகவிடுகிறது என்று பொருள். அப்படி ஒழுகும் வால்வு குழாயில் உள்ள கசிவை மறைத்துவிடும் என்றார். ஏறவில்லை. பிறகு அழுத்தத்தை 20 மில்லிபாருக்கு ஏற்றி, மூடி, ஒரு நிமிடம் நிலைக்கவிட்டு, அடுத்த இரண்டு நிமிடத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். முதலில் அசையாததுபோல்தான் இருந்தது. பிறகு அந்தக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. பிறகு அது நகத்தின் கனம் ஆயிற்று. இரண்டு நிமிடத்தில் 2 மில்லிபார் இறங்கிவிட்டது.

அடுப்பின் வால்வையும் பாய்லரின் வால்வையும் மூடிவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் இறங்கியது. அப்படியானால் கசிவு குழாயிலேயே இருக்கிறது.

அம்மா அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எங்களோடு தங்க வந்திருந்தார். வந்த அன்றே, “அலமாரிப் பக்கம் என்னவோ வாடை வருகிறது” என்றார். நாங்கள் யாரும் உணரவில்லை. எலி செத்திருக்கும், சாக்கடை வாடையாக இருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டோம். இரண்டு நாளில் அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார். மூக்கு ஒரே வாடைக்கு விரைவில் பழகிவிடும் என்பதால்தான் அவர் நிறுத்தினார், வாடை போனதால் இல்லை. வீட்டிலேயே இருப்பவர்களுக்குத் தெரியாத வாடை வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் எரிவாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தளத்துக்கு அடியில் கசிந்து சேர்ந்த எரிவாயு வெடித்து, ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். மணமற்ற கேஸ் சேர்ந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகுதான் எரிவாயுவில் கெட்ட வாடையைக் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன. அத்தனை உயிர்களைக் கொடுத்து உலகம் பெற்ற எச்சரிக்கை அந்த வாடை. அம்மா அதைச் சொன்னபோது நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லையே என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கசிவு எங்கே என்று தேடியதில் அரை நாள் போனது. அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றியபோது, எப்போதோ இருந்து எடுத்துவிட்ட ஓர் அறைச் சூடாக்கிக்குப் போன குழாயின் முனை, ஒரு மூடியோடு நின்றுகொண்டிருந்தது. ஃபிட்டர் அதன்மேல் கசிவு காட்டும் திரவத்தைத் தூரிகையால் தடவினார். மூடியின் விளிம்பில் ஒரே இடத்தில், கடுகளவு குமிழ் ஒன்று மெல்ல வீங்கியது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது. நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கும்.

அதனால்தான் பழைய பாய்லருக்குப் போன குழாயை மூடிபோட்டு நிறுத்த நாங்கள் சம்மதிக்கவில்லை. பிரியும் இடம் வரை அதை வெட்டி எடுத்துவிடச் சொன்னோம். அவரும் அதையே செய்ய இருந்தார். பயன்படாத குழாய்த் துண்டு சுவருக்குள் கேஸோடு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து ஆண்டு கழித்து அதில் ஆணி அடிப்பவருக்கு அது அங்கே இருப்பது தெரியாது.

குழாயை வெட்டுவதற்கு முன் அவர் செய்த ஒரு சிறு காரியத்தைச் சொல்ல வேண்டும். வெட்டப்போகும் இடத்துக்கு இருபுறமும் கவ்வி மாட்டி, நடுவே ஒரு தடித்த மின்கம்பியைப் பாலம்போலப் போட்டார். வீட்டு மின் இணைப்பில் ஏதாவது குறை இருந்தால் உலோகக் குழாய் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். வெட்டும்போது அந்த ஓட்டம் அறுபட்டால் பொறி பறக்கும், இல்லையென்றால் வெட்டுகிறவர் கைக்கே பாயும். முப்பது வினாடி வேலை. அதை விடாமல் செய்கிறாரா என்று பார்த்தாலே ஒரு ஃபிட்டரின் பழக்கம் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

குழாய் இணைப்புகளில் முடிந்தவற்றை வெளியே மேசைமேல் வைத்தே சூடாக்கிப் பற்றவைத்தார். ஒவ்வொன்றும் ஆறியதும் ஈரத்துணியால் சுற்றித் துடைத்தார். பற்றவைக்க உதவும் பசை செம்பை அரிக்கும், அப்படியே விட்டால் பச்சை பூத்துவிடும் என்றார். தரைக்கு அடியில் மரச்சட்டங்களில் குழாய் போக வெட்டிய காடிகள் ஆழமில்லாமல், சட்டத்தின் ஓரப் பகுதியில் இருந்தன. நடுவில் வெட்டினால் தளத்தைத் தாங்கும் சட்டம் பலமிழக்கும். காடிகளுக்கு மேலே சிறு இரும்புத் தகடு வைத்து மூடினார். பலகையை மறுபடி அறையும்போது ஆணி வழுக்கிக் குழாயில் இறங்காமல் இருக்க அந்தத் தகடு. சாமான் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயை நேரடியாகச் செங்கலுக்குள் விடவில்லை. அதைவிடச் சற்றுப் பெரிய குழாய் ஒன்றை உறையாக வைத்து அதற்குள் செலுத்தினார். உறைக்குள் இணைப்பு எதுவும் இல்லை. சிமெண்டும் பூச்சும் செம்பை அரிக்கும், சுவர் அசைந்தால் குழாயும் சேர்ந்து இழுபடும். இரண்டுக்கும் அந்த உறைதான் காப்பு.

பலகைகளை மூடும் முன் நான் ஒவ்வொரு சாணுக்கும் புகைப்படம் எடுத்தேன். அளவு நாடாவை விரித்துவைத்து, சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று படத்திலேயே தெரியும்படி எடுத்தேன். இந்த மொத்த வேலையில் நானாகச் செய்தவற்றில் இதுதான் மிகவும் உருப்படியானது.

தவறாகச் செய்ததும் ஒன்று உண்டு. குழாயின் வழி முடிவாவதற்கு முன்பே புதிய சமையலறை அலமாரிகளுக்குச் சொல்லிவிட்டோம். அவை வந்து இறங்கியபோது, 28 மி.மீ. குழாய் வர வேண்டிய மூலையில் ஓர் இழுப்பறை நின்றது. அலமாரியின் பின்பலகையை வெட்ட வேண்டியதாயிற்று. இழுப்பறை இப்போது முழுதாக உள்ளே போவதில்லை. பாய்லரின் இடம், புகைபோக்கியின் வழி, கேஸ் குழாயின் வழி, வடிநீர்க் குழாயின் வழி ஆகிய நான்கும் காகிதத்தில் முடிவாகும் வரை அலமாரியோ தரை ஓடோ வாங்காதீர்கள்.

வடிநீர் என்று சொன்னேன். புதிய வகைப் பாய்லர்களில் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராக வடியும். அது லேசான அமிலம், ஆகவே பிளாஸ்டிக் குழாயில்தான் போக வேண்டும், தொடர்ந்து சரிவும் வேண்டும். வெளிச்சுவரில் மெல்லிய குழாயாக நீண்ட தூரம் ஓடினால் உறைபனிக் காலத்தில் அடைத்துக்கொண்டு பாய்லரே நின்றுவிடும். புகைபோக்கிக்கு ஜன்னலிலிருந்தும் காற்றுத் துளைகளிலிருந்தும் இவ்வளவு தூரம் என்று பாய்லரோடு வரும் கையேட்டிலேயே இருக்கும்.

இனிச் சோதனைகள். புதிய குழாயைப் பாய்லரோடு இணைக்கும் முன்னர் தனியாக அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். இம்முறை நானும் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தேன். இரண்டு நிமிடமும் தண்ணீர் இம்மி அசையவில்லை. எல்லாவற்றையும் இணைத்த பிறகு இன்னொரு முறை. பிறகு குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றினார். அது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் எரிவாயுவில் பெரும்பகுதியான மெத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். குழாயில் காற்றை கேஸ் தள்ளிக்கொண்டு வரும்போது அந்தக் கலவை எப்படியும் ஒருமுறை வெளியே வந்துதான் தீரும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, எந்த சுவிட்சையும் தொட வேண்டாம் என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார். மெத்தேன் காற்றைவிட இலேசு, மேலே ஏறிக் கலைந்துபோகும். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. கனமானது. அது தரையோடு படிந்து பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். அந்த வகை எரிவாயு உள்ள வீட்டில் ஜன்னலைத் திறந்தது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

கடைசியாக, நான் முதல் நாளிலிருந்து காத்திருந்த சோதனை. பாய்லரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து, அடுப்பின் எல்லாப் பர்னர்களையும் பற்றவைத்தார். மீட்டரில் அழுத்தம் 20.6 மில்லிபார். பாய்லரின் நுழைவாயிலில் 19.8. இழப்பு 0.8. காகிதத்தில் போட்ட கணக்கு குழாயில் அப்படியே வந்து நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் பாய்லரை மட்டும் ஓட்டி, மீட்டரின் எண்களை இரண்டு நிமிடம் பார்த்தார். சுமார் 0.1 கன மீட்டர் நகர்ந்தது. மணிக்கு 3 என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். புகையின் கலவையையும் கருவியால் அளந்து குறித்தார். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டினோம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதற்கு யாரும் வாடை கலந்து தருவதும் இல்லை.

இந்த எண்களை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கசிவுச் சோதனையில் வேலைக்கு முன் இருந்த அளவு, பின் இருந்த அளவு, முழுச் சுமையில் பாய்லரில் அழுத்தம், எரிந்த அளவு. ஒழுங்காக வேலை செய்பவர் அந்தக் கேள்வியால் மகிழ்வார். எங்கள் ஃபிட்டர் கேட்காமலே எழுதித் தந்தார். அதைப் பாய்லர் உறையின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

தண்ணீர்க் குழாய் வேலை தெரிந்த உறவினர் ஒருவர், “இதற்கு எதற்கு இவ்வளவு செலவு? நானே ஒட்டித் தருகிறேன்” என்று அன்போடுதான் சொன்னார். மறுத்தேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். பதினெட்டாம் மாடியில் ஓர் அடுப்பின் கேஸ் இணைப்பில் இருந்த தரம் குறைந்த பித்தளை நட்டு ஒன்று உடைந்ததுதான் தொடக்கம். ஒரு நட்டு. பிரிட்டனில் இன்று ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர்தான் இதைத் தொழிலாகச் செய்ய முடியும். அவருடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்றும் இருக்கும். உங்கள் நாட்டில் அதற்கு ஈடான உரிமம் எது என்று கேட்டு, அட்டையை வாங்கிப் பாருங்கள். பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். உறவினரிடம் பலகைகளைத் தூக்கித் தரச் சொன்னேன். அதை அவர் மிக அழகாகச் செய்தார்.

போன மாதம் சாமான் அறைக்குப் போகும் வழியில் புதுத் தரைவிரிப்பு போட ஆள் வந்தார். ஓரங்களில் விரிப்பைப் பிடித்துக்கொள்ளும் ஆணிப் பட்டை அறைய வேண்டும், அடியில் ஏதாவது போகிறதா என்று கேட்டார். புகைப்படங்களை எடுத்துக் கொடுத்தேன். படத்தில் இருந்த நாடாவையும் தன் நாடாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுண்ணக்கட்டியால் நீளமாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் ஆணியும் போகாமல் பட்டை முழுவதையும் பசையிலேயே ஒட்டிவிட்டுப் போனார்.